அளத்தியின் வருமானம்

பழைய அகப்பொருள் இலக்கணம் நெய்தல் நிலத்து மக்களைப் பெயர் சொல்லும்போது ஆணையும் பெண்ணையும் தனித்தனியே சொல்கிறது. பரதர், பரத்தியர், நுளையர், நுளைச்சியர், அளவர், அளத்தியர். அளம் என்றால் உப்பளம். அங்கே உப்பு விளைவிக்கும் ஆண் அளவன், பெண் அளத்தி. இலக்கணம் செய்தவர்கள் கூலியையோ சலுகையையோ மனத்தில் வைத்து இப்படிப் பிரிக்கவில்லைதான். ஆனாலும் உப்பளத்தில் இறங்கிய பெண்ணை ஒரு தனி ஆளாக அவர்கள் எண்ணினார்கள். இந்தச் சிற்றாய்வு அந்த எண்ணிக்கையைப் பற்றியது. ஒரு குழந்தைக்கு அரசு ஏதாவது கொடுக்க நினைத்தால் யாருடைய வருமானத்தைப் பார்ப்பது? தகப்பனுடையதையா, தாயுடையதையா, வீட்டில் இருக்கும் எல்லோருடையதையும் கூட்டியா?

கேள்வியை மரக்காணத்தில் வைத்துக் கேட்கிறேன். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் விழுப்புரம் மாவட்டத்துக்குள் வந்ததும் சாலையோரத்தில் வெள்ளை வெள்ளையாய்க் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். பக்கிங்ஹாம் கால்வாயும் கழுவேலியும் பக்கத்தில் இருக்க, சுமார் 3,000 ஏக்கரில் பாத்தி பாத்தியாய் விரிந்து கிடக்கிறது உப்பளம். தை பிறந்ததும் பாத்தியைச் சீர் செய்து, தரையை மிதித்துக் கெட்டியாக்கி, நீர் பாய்ச்சுவார்கள். பிறகு புரட்டாசி வரை உப்பு வாருவதும் சுமப்பதும் குவிப்பதும். வாருவதில் ஆண்கள், தலையில் சுமந்து கரையேற்றுவதில் பெண்கள் என்று வேலை பிரிந்திருந்தாலும் இருவர் காலும் ஒரே உப்புநீரில்தான் வேகும். ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்திகள் குளமாகிவிடும். குவித்த உப்பை ஓலை போட்டு மூடிவிட்டு மூன்று மாதம் கூலி இல்லாமல் இருக்க வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயலும் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலும் கரையேறியது இந்தக் கடற்கரைப் பக்கம்தான்.

இங்கே ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அளவன், அளத்தி, பள்ளிக்குப் போகும் இரண்டு பெண் பிள்ளைகள், அளவனின் தாய், இன்னும் கல்யாணமாகாத தம்பி. ஆறு பேர், ஒரு ரேஷன் கார்டு. கணக்கு போட வசதியாக, உப்பளத்தில் ஆளுக்கு நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். மாதம் 20 நாள் வேலை, வருடத்தில் ஒன்பது மாதம். அளவனின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய். அளத்திக்கும் அதே கூலி என்றால் அவளுக்கும் 72,000. இரண்டும் சேர்ந்து 1,44,000.

இனி முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தைப் பார்ப்போம். 1992இல் வந்த திட்டம். ஆண் பிள்ளை இல்லாமல் ஒரே பெண் குழந்தை இருந்தால் 50,000 ரூபாய், இரண்டு பெண் குழந்தைகள் இருந்தால் தலைக்கு 25,000 ரூபாய் குழந்தையின் பெயரில் வைப்பு வைத்து, பதினெட்டு வயது முடிந்ததும் வட்டியோடு தருகிறார்கள். பெண் சிசுக்கொலைக்கு எதிராகப் பிறந்த இந்தத் திட்டத்தின் நோக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு நெடுங்காலம் 72,000 ரூபாயாக இருந்தது. பின்னர் 1,20,000 ஆக உயர்த்தினார்கள்.

அளவன் மட்டும் வேலைக்குப் போனால் அந்த வீடு வரம்புக்குள் இருக்கிறது. அளத்தியும் போனால் வரம்பைத் தாண்டி 24,000 ரூபாய் வெளியே நிற்கிறது. அவள் வருடத்தில் ஒன்பது மாதம் தலையில் உப்புக்கூடை சுமந்ததன் பலன், அவளுடைய இரண்டு மகள்களும் ஆளுக்கு 25,000 ரூபாய் வைப்புத் தொகையை இழப்பது. பெண்ணைக் காக்க வந்த திட்டம், அந்தப் பெண்ணின் தாய் சம்பாதிப்பதை ஒரு தகுதிக்குறைவாக எழுதி வைத்திருக்கிறது. குடும்ப வருமானம் என்ற சொல்லுக்குள் இது ஒளிந்திருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

கூலிக்குச் சீட்டு கிடையாது, வங்கி வழியாகவும் வராது. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து ஒரு தொகையைப் பரிந்துரைக்கிறார்கள். ஒன்பது மாதக் கூலியை, அதிலும் புயலடித்த வருடத்தையும் வெயிலடித்த வருடத்தையும் ஒன்றாக்கி ஒரே தொகையாகச் சொல்ல அவர்களாலும் முடியாது. திட்டத்தின் வரம்பு என்னவோ அதை ஒட்டிய ஒரு தொகையைச் சான்றிதழில் எழுதுகிற வழக்கம் அதனால்தான் வந்தது. நல்ல மனம் படைத்த அலுவலர் இருந்தால் அளத்தியின் கூலி கணக்கில் காணாமல் போகும், அவள் மகள்களுக்குப் பணம் கிடைக்கும். கண்டிப்பானவர் இருந்தால் கூலி கணக்கில் ஏறும், பணம் போகும். இரண்டாவது அலுவலர் செய்வதே சட்டப்படி சரி. ஒரு குழந்தையின் பங்கை அலுவலரின் மனநிலையிடம் விட்டு வைத்திருப்பது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல.

சரி, குடும்ப வருமானத்தை விட்டுவிட்டுத் தனி ஆளின் வருமானத்தைப் பார்த்தால் தீர்ந்துவிடுமா? தீராது. அதற்கு பிரிட்டன் பத்து வருடங்களுக்கு மேலாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் இருக்கும் நம் ஈழத்து உறவுகளுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். அங்கே குழந்தைக்கான உதவித்தொகை எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. 2013 ஜனவரியில், தாய் தகப்பன் இருவரில் அதிகம் சம்பாதிப்பவரின் வருமானம் ஆண்டுக்கு 50,000 பவுண்டைத் தாண்டினால் அந்தத் தொகையைப் படிப்படியாக வரியாகத் திரும்பப் பிடிப்பது என்று முடிவு செய்தார்கள். 60,000 பவுண்டில் முழுவதும் போய்விடும். விளைவு இதுதான். கணவனும் மனைவியும் ஆளுக்கு 49,000 பவுண்டு வாங்கும் வீட்டில் 98,000 வந்தும் உதவி முழுதாகக் கிடைத்தது. கணவனை இழந்த ஒரு பெண் தனியாக 60,000 சம்பாதித்துப் பிள்ளைகளை வளர்த்தால் அவளுக்கு ஒன்றும் இல்லை. 2024 ஏப்ரலில் வரம்பை 60,000 முதல் 80,000 வரை என்று உயர்த்தினார்கள். தொகை மாறியது, கோணல் அப்படியே இருந்தது.

அந்த ஆண்டு மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட், 2026 ஏப்ரலுக்குள் குடும்ப வருமானத்தின் அடிப்படைக்கு மாறுவோம் என்று அறிவித்தார். ஆட்சி மாறியது. அக்டோபரில் புதிய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், செலவு அதிகம் என்று அதைக் கைவிட்டார். செலவுக்குப் பின்னால் இன்னொரு காரணமும் உண்டு. 1990 முதல் அங்கே கணவனுக்கும் மனைவிக்கும் வரிக்கணக்கு தனித்தனி. யார் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று வரித்துறைக்குப் பைசா சுத்தமாகத் தெரியும். யார் யாரோடு ஒரே வீட்டில் வாழ்கிறார் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

மரக்காணத்தில் நேர்மாறு. இங்கே யார் யாரோடு வாழ்கிறார் என்று ரேஷன் கார்டில் பெயரும் வயதும் ஆதாரும் போட்டு எழுதியிருக்கிறது. யார் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆகவே லண்டன் ஆளை அளக்கிறது, தமிழ்நாடு குடும்பத்தை அளக்கிறது. இரண்டு அரசுகளும் நியாயத்தை யோசித்து இந்த அளவைகளைத் தேர்ந்தெடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. கையில் எந்தப் பேரேடு இருந்ததோ அதை எடுத்து அளந்திருக்கின்றன.

அந்தப் பேரேட்டில் குடும்பம் என்றால் என்ன? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் உண்பவர்கள் ஒரு குடும்பம். ரேஷன் கார்டும் இதே வழிதான். கல்யாணமான மகன் தனி அட்டை கேட்டால் தனிச் சமையலறை இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். எனக்கு இந்த வரையறை பிடிக்கும். ரத்தத்தையும் சாதியையும் விட்டுவிட்டு உலையைப் பார்த்துக் குடும்பத்தைச் சொல்வது மனிதர்களை உள்ளபடி பார்ப்பதுதான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அடுப்பை எண்ணியவர்கள் அந்த அடுப்பைச் சுற்றி எத்தனை வாய் என்று எண்ண மறந்துவிட்டார்கள். வருமான வரம்பு இரண்டு பேர் வீட்டுக்கும் ஒன்றுதான், ஏழு பேர் வீட்டுக்கும் ஒன்றுதான்.

அரிசியில் இந்த வித்தியாசத்தைச் சட்டமே காட்டுகிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பங்களுக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம். அந்தியோதயா குடும்பங்களுக்கு எத்தனை பேர் இருந்தாலும் அட்டைக்கு 35 கிலோ. ஏழு பேருக்கு மேல் உள்ள அந்தியோதயா வீட்டில், பரம ஏழைகள் என்று அரசே முத்திரை குத்திய அந்த வீட்டில், ஒரு குழந்தைக்கு வரும் பங்கு 5 கிலோவுக்கும் கீழே. அட்டைக்கு அளப்பதற்கும் ஆளுக்கு அளப்பதற்கும் இடையே உள்ள தூரத்தை ஒரு படியை வைத்து அளந்து பார்த்துவிடலாம்.

உப்பளத் தொழிலாளர்களுக்கென்றே 2022 முதல் தமிழ்நாடு அரசு மழைக்கால நிவாரணம் தருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையில்லாத மாதங்களுக்காக 5,000 ரூபாய், குடும்பத்துக்கு. உப்பளத்துக்காரர்களை ஓர் அரசு நினைத்துப் பார்த்ததே பெரிய காரியம், அதை மனமாரச் சொல்கிறேன். நாம் எடுத்துக்கொண்ட ஆறு பேர் வீட்டில் அது ஒரு மாதத்துக்குத் தலைக்குச் சுமார் 278 ரூபாய். அளவனும் அளத்தியுமாக இரண்டு பேர் வேலை இழந்திருக்கிறார்கள். நிவாரணம் ஒருவருக்கு வந்திருக்கிறது.

அதே கடற்கரையில் கொஞ்சம் தள்ளி இருக்கும் மீனவக் குப்பத்தில் வேறு மாதிரி நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்குத்தான். ஆனால் சேமிப்பு நிவாரணத் திட்டம் ஆளுக்கு. மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தருகிறது. மீனவப் பெண்ணுக்கு அதே போலத் தனித் திட்டம் இருக்கிறது. அவள் கட்டும் 1,500 அவள் பெயரில், அவளுக்குத் திரும்பும் 4,500 அவள் பெயரில். கூடையில் மீன் சுமப்பவளைத் தனி ஆளாக எண்ண முடிந்த அரசால் உப்பு சுமப்பவளையும் எண்ண முடியும்.

வரி வாங்கும்போது அரசு இந்தக் குழப்பம் எதிலும் சிக்குவதில்லை. இந்திய வருமான வரி கணவனையும் மனைவியையும் தனித்தனியே பார்க்கிறது. 2025–26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரை சம்பாதிப்பவருக்கு வரி கிடையாது. நகரத்தில் ஆளுக்கு 12 லட்சம் வாங்கும் தம்பதி வீட்டுக்கு 24 லட்சம் கொண்டுவந்தாலும் இருவர் வருமானத்தையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. மரக்காணத்தில் 72,000த்தையும் 72,000த்தையும் கூட்டிப் பார்க்கிறார்கள். வாங்குவதற்கு ஆள், கொடுப்பதற்குக் குடும்பம் என்று இரண்டு அளவைகளை ஒரே அரசு வைத்திருக்கிறது. இரண்டிலும் ஆதாயம் அடைவது அளத்தி அல்ல. இதைக் கோபமில்லாமல் எழுத என்னால் முடியவில்லை.

ஆனாலும் நான் குடும்ப வருமானத்தை முற்றிலும் எதிர்க்கிறவன் அல்ல. கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கி, 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயாகப் போக ஆரம்பித்த திட்டம் அது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று விதிகள் வைத்தார்கள். பெண்ணின் சொந்த வருமானத்தை மட்டும் பார்த்திருந்தால் வேலைக்கே போகாத கோடீஸ்வர வீட்டுப் பெண்மணி வரிசையில் முதலில் நின்றிருப்பார்; தினக்கூலிக்குப் போன அளத்தி அவருக்குப் பின்னால் நின்றிருப்பாள். வசதியை அளக்க வீட்டைப் பார்த்ததே சரி. தவறு அடுத்த விதியில் இருக்கிறது. அட்டைக்கு ஒரு பெண். மாமியாரும் மருமகளும் ஒரே அட்டையில் இருந்தால் ஒருத்திக்குத்தான். பெண்ணின் கூலியில்லா உழைப்புக்கு அங்கீகாரம் என்று சொல்லி, உதவி என்ற சொல்லைத் தள்ளி உரிமை என்று பெயர் வைத்த பிறகு, இரண்டு பேர் உழைக்கும் வீட்டில் ஒருத்தியின் உரிமையை மட்டும் ஏற்பது பெயருக்குப் பொருந்தவில்லை.

ஆக, யாருடைய வருமானத்தை அளப்பது, யாரைக் கணக்கில் சேர்ப்பது, யார் கையில் கொடுப்பது என்று மூன்று கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. மூன்றுக்கும் 'குடும்பம்' என்று ஒரே விடையை எழுதிவிடுகிறோம். கனடா பிரித்து எழுதியிருக்கிறது. 2016 ஜூலையில் அங்கே வந்த குழந்தை உதவித்தொகை வருமானத்தைக் குடும்பமாக அளக்கிறது. ஆனால் தொகையைக் குழந்தைக் கணக்கில், ஆறு வயதுக்குக் கீழ் இருந்தால் கூடுதலாகத் தருகிறது. வருமானம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கிறது. ஒரே வீட்டில் தாயும் இருந்தால் பணம் பொதுவாகத் தாயின் பெயருக்குப் போகிறது. ஸ்கார்பரோவில் இருக்கும் ஒரு தமிழ்த் தாய் கூடுதலாக ஒரு நாள் வேலைக்குப் போனால் பிள்ளையின் தொகை சற்றுக் குறையும்; ஒரே நாளில் அறுந்து போகாது.

மூன்றாவது கேள்வியில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும், ஏனென்றால் குடும்ப வருமானம் என்ற எண்ணமே, வீட்டுக்குள் வரும் பணம் எல்லோருக்கும் பொதுவாகப் போகும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. எலினார் ராத்போன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1924இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1945இல் பிரிட்டன் குடும்பப்படிச் சட்டம் கொண்டுவந்தபோது மசோதாவில் பணம் தகப்பனுக்கு என்று இருந்தது. அவர் நாடாளுமன்றத்தில் போராடித் தாய்க்கு என்று மாற்ற வைத்தார். அடுத்த ஜனவரியில் இறந்து போனார். பின்னர் 1970களின் இறுதியில் அங்கே தகப்பனின் சம்பளத்தில் கிடைத்த வரிச்சலுகையை நீக்கி, அந்தப் பணத்தைத் தாயின் கைக்கு மாற்றினார்கள். வீட்டின் மொத்த வருமானம் பெரிதாக மாறவில்லை, கை மட்டும் மாறியது. ஷெல்லி லண்ட்பெர்க், ராபர்ட் போலக், டெரன்ஸ் வேல்ஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் வீட்டுச் செலவுக் கணக்குகளை ஆராய்ந்து 1997இல் எழுதினார்கள்: அதன் பிறகு ஆண்களின் உடைச் செலவோடு ஒப்பிட, குழந்தைகளின் உடைக்கும் பெண்களின் உடைக்கும் ஆகும் செலவு கூடியிருந்தது. அதே பணம்தான், அதே வீடுதான். நம் ஊர்த் தாய்மார்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. சட்டம் எழுதுகிறவர்களுக்குத் தேவை.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமும் அல்ல. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஒரு திருமண உதவித் திட்டம் இருந்தது. குடும்ப வருமானச் சான்றிதழ் கேட்டது. 2022 செப்டம்பர் 5 அன்று அதே அம்மையார் பெயரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்குப் போகிறது. தகப்பன் என்ன சம்பாதிக்கிறார், தாய் உப்பளத்துக்குப் போகிறாளா என்று யாரும் கேட்பதில்லை. அக்கா வாங்கினாள் என்பதற்காகத் தங்கைக்கு மறுப்பதும் இல்லை. முதல் பட்டதாரிச் சலுகையில் அப்படி மறுக்கிறார்கள். அக்கா பட்டம் பெற்றுவிட்டால் அந்த வீட்டின் பாக்கிப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடையாது. அக்காவின் பட்டம் தங்கையின் கட்டணத்தைக் கட்டிவிடும் என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்களோ, எனக்குப் புரிந்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே பள்ளிக்கூடச் சாப்பாட்டுத் தட்டு இருக்கிறது. 1956இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் ஆரம்பித்து, அடுத்த ஆகஸ்டில் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. உப்பளத்து வீட்டுப் பிள்ளையும் உப்பு வியாபாரி வீட்டுப் பிள்ளையும் அரசுப் பள்ளியில் சேர்ந்துவிட்டால் ஒரே பந்தி. அங்கே குடும்ப வருமானமும் இல்லை, தனிநபர் வருமானமும் இல்லை. பசிக்கிற குழந்தை ஒரு ஆள், அவ்வளவுதான். எழுபது வருடமாக இந்த மாநிலம் மிகச் சரியாகச் செய்த காரியம் இதுதான் என்பது என் துணிபு.

ஆகவே கேட்கிறேன். குழந்தைக்கு என்று எழுதப்படும் எந்தத் தொகையும் குழந்தைக் கணக்கில் எண்ணப்பட்டுத் தாயின் கையில் போகட்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்க முடியாத இடத்தில், வசதியை அளந்தே தீர வேண்டும் என்றால் குடும்பத்தை அளக்கட்டும். அளந்ததைச் சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கையால் வகுக்கட்டும். வரம்பைத் தாண்டிய வீட்டுக்குத் தொகையைப் படிப்படியாகக் குறைக்கட்டும். உப்பள மழைக்கால நிவாரணத்தை வேலை இழந்த ஒவ்வொருவர் பெயரிலும், அளத்தியின் பெயரிலும் எழுதட்டும். வருமானச் சான்றிதழில் தொகையை எழுதும் அதே வரியில், இந்த வருமானத்தில் உண்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் குழந்தைகள் எத்தனை பேர் என்று எழுத ஆணையிடட்டும். ரேஷன் கார்டில் அந்தப் பெயர்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன.